தலாக்குக்குப் பிறகு பிள்ளைகள்: பெற்றோரும் ஜமாஅத்தும் கவனிக்க வேண்டியவை

கணவன் மனைவி பிரியும்போது ஊர் ஜமாஅத்தில் எழுதப்படும் ஒப்பந்தம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். மஹர் எவ்வளவு, பெண் வீட்டார் போட்ட நகை எத்தனை பவுன், அதில் அடகில் இருப்பது எது, கட்டில், பீரோ, கிரைண்டர், பாத்திரம் என்று வரிவரியாக இருக்கும். பித்தளை அண்டாவுக்குக்கூட ஒரு வரி இருக்கும். பிள்ளையைப் பற்றித் தேடினால், குழந்தை தாயாரிடம் இருக்கும் என்று ஒரே வரி. சிலவற்றில் அதுவும் இருக்காது. வாப்பா எந்த நாளில் வந்து பார்ப்பார், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, பெருநாளன்று பிள்ளை எந்த வீட்டில் இருக்கும், காய்ச்சல் வந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பார்கள். அந்த இருவரும் இனிப் பேசிக்கொள்ளப் போவதில்லை என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

தலாக், குலா, ஃபஸ்கு என எந்த வழியில் பிரிந்தாலும் முடிவுக்கு வருவது நிக்காஹ் என்ற ஒப்பந்தம் மட்டும்தான். பிள்ளைக்கு வாப்பா வாப்பாதான், உம்மா உம்மாதான். வம்சம் மாறாது, சொத்தில் உள்ள பங்கு மாறாது, மகளின் நிக்காஹுக்கு வலீ யார் என்பதும் மாறாது. மார்க்கத்தில் இவ்வளவு தெளிவாக உள்ள விஷயம் நம் வீடுகளில் நடைமுறைக்கு வராமல் போவதுதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது. பிரிவைத் தாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. பிரிந்த பிறகும் ஓயாத சண்டையைத் தாங்குவதுதான் அவர்களுக்குக் கடினம்.

குபா பள்ளிவாசல் முற்றத்தில் நடந்தது

உமர் (ரலி) அவர்கள் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரை மணந்திருந்தார்கள். ஆஸிம் என்ற மகன் பிறந்தார். பிறகு இருவரும் பிரிந்துவிட்டார்கள். ஒரு நாள் உமர் (ரலி) குபாவுக்குப் போனபோது, பள்ளிவாசல் முற்றத்தில் மகன் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். கையைப் பிடித்துத் தூக்கி, தம் வாகனத்தில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி பின்னாலேயே வந்து பிள்ளையைத் தரும்படி வழக்காடினார். விஷயம் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போயிற்று. இருவருமே என் பிள்ளை என்றுதான் சொன்னார்கள். பிள்ளையை அந்தப் பெண்மணியிடமே விட்டுவிடும்படி அபூபக்ர் (ரலி) தீர்ப்புச் சொன்னார்கள். உமர் (ரலி) மறுபேச்சுப் பேசவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது பதிவாகியிருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் கண்டிப்பு நாம் அறிந்ததே. மகனைக் கண்டதும் தூக்கிக்கொண்டதில் பாசத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனாலும் பிள்ளை பழகிய கையிலேயே இருக்கட்டும் என்ற தீர்ப்பு வந்ததும் வாதாடாமல் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பிள்ளையும் வாப்பாவை இழந்துவிடவில்லை. ஆஸிம் இப்னு உமர் என்று வாப்பாவின் பெயரோடுதான் வரலாற்றில் நிற்கிறார். நீதிக்குப் பெயர்பெற்ற கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) இந்த ஆஸிமின் மகள் வயிற்றுப் பேரன்தான். பெண் பார்க்கும்போது 'பிரிஞ்ச வீட்டுப் பிள்ளை' என்று முகம் சுளிப்பவர்கள் இதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பிள்ளை யாரிடம் வளர்வது என்பதில் நம் ஊர்களில் இரண்டு மத்ஹபுகளின் சட்டமும் நடைமுறையில் உள்ளது. பிரிந்த தாய் மறுமணம் செய்துகொள்ளாத வரை பிள்ளைக்கு அவளே அதிக உரிமை உடையவள் என்ற நபிமொழி அபூதாவூதில் வருகிறது. இரண்டு மத்ஹபுகளுக்கும் அதுவே அடிப்படை. ஹனஃபி மத்ஹபில் ஆண்பிள்ளை ஏழு வயது வரையிலும் பெண்பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருக்கும். பெண்பிள்ளைக்கு ஒன்பது வயது என்ற கருத்தும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் விவரம் தெரியும் வயது, ஏறக்குறைய ஏழு, வரை தாயிடம். அதன்பின் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். பிள்ளை யாரிடம் இருந்தாலும் மற்றவர் வந்து பார்ப்பதைத் தடுக்க அவருக்கு உரிமையில்லை என்பதை இரண்டு மத்ஹபு நூல்களும் சொல்கின்றன. வயதுக் கணக்கை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இந்தக் கடைசிச் சட்டத்தை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

பிள்ளை தேர்ந்தெடுப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாயும் தந்தையும் ஒரு மகனுக்காக வழக்காடி வந்தபோது, விரும்பியவரின் கையைப் பிடித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவனிடம் சொன்னதும், அவன் தாயின் கையைப் பிடித்ததும் ஹதீஸில் உண்டு. இதை ஆதாரமாகச் சொல்லி ஜமாஅத் அலுவலகத்தில் பத்துப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஒன்பது வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, "யாருகிட்ட இருக்கப் போறே, சொல்லு" என்று கேட்கிறார்கள். ஒரு பக்கம் உம்மாவின் முகம், மறு பக்கம் வாப்பாவின் முகம். பிள்ளை எதைச் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம் செய்ததாகவே நினைத்துக்கொள்ளும். நீதிமன்றங்களில்கூட நீதிபதி பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியாகத்தான் பேசுகிறார். நம் ஜமாஅத்துகளிலும் பிள்ளைக்குப் பழக்கமான ஒரு பெரியவர், பெண்பிள்ளையானால் ஒரு பெண்மணி, தனியாக, ஒன்றுக்கு இரண்டு முறை பேசிப் பார்ப்பதே முறை.

பிள்ளை மனத்தில் என்ன ஓடுகிறது

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குத் தலாக் என்ற சொல் புரியாது. வழக்கம் மாறியது மட்டும் தெரியும். ராத்திரி எழுந்து அழும், விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வரும், உம்மா குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டும். இது சேட்டையல்ல, பயம். ஒருவர் போய்விட்டார், இவரும் போய்விடுவாரோ என்ற பயம். அடிப்பதாலோ தஅவீது கட்டுவதாலோ இது தீராது. சாப்பாடு, தூக்கம், ஓதல், விளையாட்டு எல்லாம் தினமும் அதே நேரத்தில் நடந்தால் தானாகக் குறையும்.

ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் பிரிவுக்குத் தாமே காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை. ரிப்போர்ட் கார்டுக்காக வீட்டில் சண்டை நடந்த மறுநாள் வாப்பா வீட்டை விட்டுப் போயிருந்தால், நாம் நூறு காரணம் வைத்திருப்போம். பிள்ளையிடம் அந்த ஒரு காரணம்தான் இருக்கும். நன்றாகப் படித்தால், ஐந்து வேளை தொழுதால் வாப்பா திரும்பி வந்துவிடுவார் என்று அதுவாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். அதைப் பார்த்துப் பிள்ளை திருந்திவிட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள். வாப்பா வராதபோது அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று யோசிக்க வேண்டும். அல்லாஹ் என் துஆவைக் கேட்கவில்லை என்ற எண்ணம் அந்த வயதில் விழுந்துவிட்டால் எளிதில் போகாது. ஆகவே 'துஆச் செய், வாப்பா வந்துருவாங்க' என்று முடிவாகிவிட்ட விஷயத்தில் பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நலம் வேண்டி துஆச் செய்யச் சொல்லலாம். அது உண்மையான துஆ.

பத்து வயதுக்கு மேல் பிள்ளை கட்சி சேரும். ஒருவர் நல்லவர், இன்னொருவர் கெட்டவர் என்று முடிவு கட்டிவிடும். பதின்மூன்று, பதினான்கு வயது மகன் சில வீடுகளில் உம்மாவுக்குக் காவல்காரனாக மாறிவிடுகிறான். 'நீதான் இனி வீட்டுக்கு ஆம்பளை' என்று மாமாமார் தோளில் தட்டுவார்கள். எட்டாம் வகுப்புப் படிப்பவன் தலையில் குடும்பப் பாரத்தை வைக்கும் சொல் அது. மகள்களோ பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்பார்கள். நிக்காஹ் வீடுகளுக்கு வர மறுப்பார்கள்.

எப்படிச் சொல்வது

முடிந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். முடியாவிட்டால் இருவரும் ஒரே சொற்களைச் சொல்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் இனி ஒரே வீட்டில் இருக்கப் போவதில்லை, இதற்கு நீ எந்த விதத்திலும் காரணம் இல்லை, வாப்பாவும் உம்மாவும் உனக்கு எப்போதும் உண்டு, நாளை முதல் நீ எந்த வீட்டில் தூங்குவாய், பள்ளிக்கு யார் கொண்டுவிடுவார் என்பது இது. இவ்வளவு போதும். யார் மீது தவறு என்ற விசாரணை பிள்ளையிடம் வேண்டாம். 'வாப்பா வெளிநாடு போயிருக்காங்க' என்று மறைப்பது நம்மிடையே மிகச் சாதாரணம். பக்கத்து வீட்டுப் பிள்ளை தெருவில் விளையாடும்போது உண்மையைச் சொல்லிவிடும். அன்றோடு உம்மாவின் சொல் மீதும் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும்.

சொன்ன பிறகு பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். 'செலவுக்குப் பணம் அனுப்பலேன்னு உன் வாப்பாகிட்ட சொல்லு' என்பதும், 'உம்மா வீட்டுக்கு யார் யார் வர்றாங்க' என்று கேட்பதும் பிள்ளையை ஒற்றனாக்கும் வேலை. வாட்ஸ்அப் குரல் செய்தியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதும், அதைப் பிள்ளை கையில் இருக்கும் அதே போனில் வைத்திருப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. பாட்டிமார் வாயையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேரனின் தலையைத் தடவிக்கொண்டே அவன் வாப்பாவைச் சபிக்கும் உம்மும்மா, தான் அவனுடைய பாதியைச் சபிக்கிறோம் என்பதை உணர்வதில்லை.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் தலாக் சட்டங்களின் தொடர்ச்சியாகவே வருகிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் துன்பம் கூடாது, தந்தைக்கும் துன்பம் கூடாது என்பது அதன் கருத்து. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து ஆலோசித்துச் செய்யும்படி அதே வசனம் கூறுகிறது. பால் மறக்கடிப்பதற்கே ஆலோசனை என்றால், பள்ளி மாற்றுவதற்கும் ஹிஃப்ழ் மதரஸாவில் சேர்ப்பதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும் எவ்வளவு வேண்டும்?

வீடு மாறும் பிள்ளையும் மாறாத பிள்ளையும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அங்கே பிரிவு வந்தால் பிள்ளையின் வீடும் தெருவும் மக்தபும் மாறுவதில்லை. அது பெரிய நிஃமத். ஆனால் வாப்பா அந்த வீட்டிலிருந்து சுவடில்லாமல் மறைந்துவிடுகிறார். அவருடைய உம்மா வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும்; பிள்ளை அந்தத் தெரு வழியே போகாது, அல்லது போகவிட மாட்டார்கள். இத்தகைய ஊர்களில் வாப்பாவின் உம்மா வீட்டுக்கு வாரம் ஒருமுறை பிள்ளையை அனுப்புவது மட்டுமே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

பெண் கணவன் வீட்டுக்குப் போகும் உள்நாட்டு ஊர்களில் கதை வேறு. உம்மா தாய்வீடு திரும்பும்போது பிள்ளைக்கு வீடு, பள்ளி, நண்பர்கள் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடுகின்றன. தாய்மாமன் வீட்டில் 'இருக்க இடம் கொடுத்தவர்கள்' என்ற நன்றியோடு வாழப் பழக வேண்டும். கல்வியாண்டு முடியும் வரை பள்ளியை மாற்றாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். பழைய வீட்டிலிருந்து தலையணை, சைக்கிள், ஓதும் பலகை என்று பிள்ளை கேட்பதைச் சீர்ப் பட்டியலில் இல்லை என்று மறுக்காமல் கொடுத்தனுப்புங்கள்.

வளைகுடாவில் வேலை செய்யும் வாப்பா என்றால் பிள்ளை அவரை ஏற்கெனவே போனில்தான் அறிந்திருக்கும். ஆகவே பிரிவுக்குப் பிறகு அந்த அழைப்பு நின்றால், பிள்ளைக்கு வாப்பாவே நின்றுபோன மாதிரி. ஜும்ஆவுக்குப் பிறகு என்றோ இஷாவுக்குப் பிறகு என்றோ நேரம் குறித்து, அந்த நேரத்தில் தவறாமல் அழைக்க வேண்டும். மூன்று வாரம் மறந்துவிட்டு நான்காவது வாரம் விலையுயர்ந்த பொம்மை அனுப்புவதால் ஈடாகாது. உம்மா வீட்டாரும் அந்த நேரத்தில் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும்.

பணம்

பிள்ளையின் நஃபகா தந்தையின் கடமை. அது முன்னாள் மனைவிக்குச் செய்யும் உதவி அல்ல. பார்க்க விட்டால்தான் பணம் என்று வாப்பா சொல்வதும், பணம் வந்தால்தான் பார்க்க விடுவோம் என்று உம்மா வீட்டார் சொல்வதும் இரண்டுமே தவறு. இரண்டும் பிள்ளையின் தனித்தனி உரிமைகள். ஒன்றை வைத்து மற்றொன்றை அடகு பிடிக்க முடியாது. குலா பேசும்போது 'பிள்ளைச் செலவு கேட்க மாட்டோம்' என்று பெண் வீட்டாரிடம் எழுதி வாங்குவது வழக்கமாகிவிட்டது. குறிப்பிட்ட காலத்துச் செலவைத் தாய் ஏற்றுக்கொள்வது பற்றி ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. ஆனால் அவளிடம் இல்லாதபோது பிள்ளை பட்டினி கிடக்கட்டும் என்று எந்த நூலும் சொல்லவில்லை. தந்தை கொடுத்தே ஆக வேண்டும். அதேபோல் பிள்ளையை விட்டுக்கொடுத்தால்தான் குலாவுக்குச் சம்மதிப்பேன் என்று கணவன் நிபந்தனை போட்டால், குலா செல்லும், நிபந்தனை செல்லாது என்கின்றன ஹனஃபி நூல்கள். தாயிடம் வளர்வது பிள்ளையின் உரிமை. அதை விற்கத் தாய்க்கே அதிகாரமில்லை.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளை பிறந்து இரண்டு ஆண்டு வரை என்று வரும் கணக்கைக் காட்டி, அதோடு தந்தையின் பொறுப்பு முடிந்தது என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். அது தாய்க்குரிய ஏற்பாடு. பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை தனியானது, வயதுக்கு வரும் வரை, பெண்பிள்ளைக்குத் திருமணம் ஆகும் வரை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவில் இருந்த ஜீவனாம்ச ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக உள்ளது. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நீதிமன்றம் போனால், 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி பிள்ளையின் நலனே முதலில் பார்க்கப்படும். ஜமாஅத்தின் எழுத்து ஓர் உடன்படிக்கைதான், நீதிமன்ற உத்தரவு அல்ல என்பதை இரு தரப்பும் அறிந்திருக்க வேண்டும்.

மறுமணமும் வலீயும்

மறுமணம் செய்துகொள்வது தவறல்ல. பிள்ளைக்குக் கடைசியாகத் தெரிவிப்பதுதான் தவறு. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களை மணந்தபோது முதல் கணவரின் பிள்ளைகளோடு வந்தார்கள். அங்கே தந்தை இறந்துவிட்டார், தலாக் அல்ல. என்றாலும் மாற்றாந் தந்தைக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. தட்டு முழுக்கக் கையை அலையவிட்ட சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமாவுக்கு பிஸ்மில்லாஹ் சொல்லவும் வலக்கையால் உண்ணவும் தன் பக்கத்தில் உள்ளதை எடுக்கவும் நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே தட்டில் உட்கார வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வாப்பாவின் புதிய வீட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் முதல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையே அன்பளிப்பில் பாகுபாடு காட்டுவோர், ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்ததற்குச் சாட்சியாக இருக்க நபியவர்கள் மறுத்த ஹதீஸைப் படிக்க வேண்டும்.

மகளைப் பெற்ற தந்தைமார் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை. இருபது வருடம் எட்டிப் பார்க்காத தந்தையை, மகளின் நிக்காஹ் தேதி குறித்த பிறகு ஊர் ஊராகத் தேடி, வகாலத்துக்குச் சம்மதம் கேட்டு நிற்கும் பெண் வீட்டாரை ஆலிம்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். சிலர் அந்த நேரம் பார்த்துப் பழைய கணக்கைப் பேசுவார்கள். சிலர் வருவார்கள், கூட்டத்தில் மணப்பெண் யார் என்று இன்னொருவர் சொல்லித்தான் தெரியும்.

மக்தபும் மருத்துவரும்

உஸ்தாதுமார்களும் ஆசிரியர்களும் 'உன் வாப்பா என்ன செய்யறாரு' என்று எல்லார் முன்னிலையிலும் கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி. பள்ளியில் இரு பெற்றோரின் எண்ணையும் கொடுத்து வையுங்கள். படிப்பு திடீரென்று சரிவது, தூக்கமின்மை, யாரோடும் பேசாமை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது இவை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கடைசி இரண்டில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் இருந்தால் 1098. மனநல மருத்துவரிடம் போவது தவக்குலுக்கு எதிரானது என்று நினைப்பவர்கள், பிள்ளைக்குக் கை முறிந்தால் என்ன செய்வார்கள் என்று யோசிக்கட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். சீர்ப் பட்டியலுக்கு முன்பாக, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். யாரிடம் இருக்கும், மற்றவர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எங்கே பார்ப்பார், போன் நேரம், இரண்டு பெருநாள்களில் எது யாரோடு, கோடை விடுமுறை எத்தனை நாள், மாதச் செலவு எவ்வளவு, எந்தத் தேதியில் எந்த வங்கிக் கணக்கில், கல்விக் கட்டணமும் மருத்துவச் செலவும் யார், இருவரும் பேச முடியாதபோது நடுவில் பேசும் பெரியவர் யார். அந்தப் பெரியவர் இரு வீட்டுக்கும் போகக்கூடியவராக இருக்க வேண்டும். பிள்ளை வளர வளர இந்த ஏற்பாடு பொருந்தாமல் போகும். ஆண்டுக்கு ஒருமுறை, புதிய வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன், இரு தரப்பையும் அழைத்துத் திருத்தி எழுதலாம். ஒரு பிரதி வாப்பாவிடம், ஒன்று உம்மாவிடம், ஒன்று ஜமாஅத் பதிவேட்டில்.